மடை அடைத்தால் வரப்பை வெட்டுவதா?

லினக்ஸ் சர்வரில் வலைத்தளம் திறக்கவில்லை. "403 ஃபர்பிடன்" என்று வருகிறது. உதவிக்கு வரும் தம்பி முதலில் கோப்புகளுக்கெல்லாம் 777 அனுமதி கொடுப்பார். அப்போதும் திறக்காது. "செலினக்ஸ்தான் சார் தொல்லை" என்று அதை அணைத்துவிடுவார். தளம் திறந்துவிடும். கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்த வைத்தியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். நீர் ஒரு பாத்தியில் ஏறி, வெயிலில் சுண்டி, அடுத்ததற்குப் போய், கடைசிப் பாத்தியில் உப்பாகிறது. மடை அடைத்துக்கொண்டால் மடையைத் தோண்டுவார்கள். வரப்பையெல்லாம் வெட்டினால் தண்ணீர் தாராளமாக ஓடும், உப்புதான் கிடைக்காது.

செலினக்ஸ் அந்த வரப்பு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்டது. 2003-இல் லினக்ஸ் கெர்னல் 2.6-இல் சேர்ந்தது. சாதாரண அனுமதி, கோப்பு யாருடையது என்று பார்க்கும். செலினக்ஸ், இந்த நிரலுக்கு இந்தக் கோப்பில் என்ன வேலை என்று கேட்கும். பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு 'லெசே பாசே' என்றால் புரியும். இன்னார் இன்ன இடத்துக்குப் போகலாம் என்ற சீட்டு. சீட்டில் இல்லாத வாசல் திறக்காது. அதனால்தான் 777 கொடுத்தும் பலிப்பதில்லை.

தடுத்தால் அது காரணத்தையும் எழுதிவைக்கிறது. ஆடிட் பதிவேட்டில் 'ஏவிசி டினைட்' என்ற வரியைப் பாருங்கள். எந்த நிரல், எந்தக் கோப்பு, என்ன முத்திரை, எல்லாம் இருக்கும். பெரும்பாலும் விஷயம் சின்னது. வீட்டுக் கோப்பகத்திலிருந்து 'எம்வி' கட்டளையால் நகர்த்திய கோப்பு பழைய முத்திரையோடே வந்திருக்கும், 'ரீஸ்டோர்கான்' சரிசெய்துவிடும். தளம் வழக்கமில்லாத இடத்தில் இருந்தால் முதலில் 'செமேனேஜ்' மூலம் விதியைப் பதிய வேண்டும். தளம் வேறு சர்வரோடு பேச வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை மட்டும் போடலாம். 'ஆடிட் டூ அலோ' எழுதித் தரும் விதியைப் படிக்காமல் ஏற்றுவதும், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான்.

"அவசரத்துக்கு வேறு வழி?" என்பார்கள். நியாயம். சில நிமிடம் 'பெர்மிசிவ்' நிலையில் வைத்துச் சோதியுங்கள், தடுக்காது, குறித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள். ஆனால் 'தற்காலிகம்' என்று எழுதிய கோப்பு எத்தனை வருடம் மேசையில் கிடக்கும் என்பது அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

2019-இல் 'ரன்சி' என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை கண்டுபிடித்தார்கள். கண்டெய்னருக்குள்ளிருந்து முழு சர்வரையும் பிடிக்கலாம். தங்கள் லினக்ஸில் செலினக்ஸ் இயங்கினால் அது தடுக்கும் என்று ரெட் ஹாட் நிறுவனமே அறிவித்தது. அணைத்தவர்களுக்கு அந்தக் காவல் இல்லை.

மழைக்காலத்தில் வேலையற்றுப்போகும் உப்பளத் தொழிலாளியின் பெயரும் வங்கிக் கணக்கும் இன்று ஏதோ ஒரு சர்வரில்தான் இருக்கின்றன. அவளுக்கு செலினக்ஸ் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. கூலி வாங்கியவருக்குத் தெரிய வேண்டும். பத்து நிமிடம் பதிவேட்டைப் படிக்கச் சோம்பல்பட்டு அவள் வாசலைத் திறந்துபோட நமக்கு என்ன உரிமை?