வீட்டுக்காரரையே வெளியே நிறுத்தும் பூட்டு

2022 டிசம்பர் 22 அன்று கடவுச்சொல் மேலாளர் நிறுவனமான லாஸ்ட்பாஸ் வெளியிட்ட அறிவிப்பை நம் துறையில் படிக்காதவர்கள் குறைவு. வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டகங்களுடைய காப்புப் பிரதியை யாரோ நகலெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். எப்படிப் போனது என்ற விவரம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் ஓட்டையோடு கிடந்த ஒரு மீடியா மென்பொருள் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள். விசைத்தட்டல்களைப் பதிவுசெய்யும் நிரலை அதில் வைத்து, அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்திருக்கிறார்கள். அத்தனை அடுக்குப் பாதுகாப்பும் கடைசியில் படம் பார்க்கிற கணினியில் வந்து நின்றது.

அதன் பிறகு நம்மில் பலர் செய்தது, எல்லோரையும் வேறு நிறுவனத்துக்கு மாறச் சொன்னதுதான். மாறச் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி வேறு. மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து மறையாக்கச் சாவியை உருவாக்க அவர்கள் பயன்படுத்திய பிபிகேடிஎஃப்2 முறையின் சுற்றுகளை 2018இல் 1,00,100 ஆக உயர்த்தினார்கள். அதற்கு முன் சேர்ந்தவர்களில் பலருடைய கணக்கு 5,000 சுற்றிலேயே தங்கிவிட்டது. சிலருக்கு 500. ஒரே ஒரு சுற்றில் இருந்தவர்களும் உண்டு. 2023இல் ஓவாஸ்ப் பரிந்துரைத்த அளவு 6 லட்சம். நகல் கையில் கிடைத்துவிட்டால் திருடனுக்கு அவசரமே இல்லை, நாள்கணக்கில் உட்கார்ந்து ஊகித்துப் பார்க்கலாம். பயனர் மறுநாளே மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினாலும், போன நகல் பழைய சாவிக்குத்தான் திறக்கும். போதாக்குறைக்கு எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிப் பட்டியல் மறையாக்கம் செய்யப்படாமலே கிடந்தது. யாரைக் குறிவைக்கலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

ஆக ஒரு நிறுவனத்தை எடைபோடும்போது இன்று எந்த அல்காரிதம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் போதாது. அதை எல்லோரும் விளம்பரத்திலேயே போடுகிறார்கள். எட்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவரை இன்றைய அளவுக்கு எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்க வேண்டும். பிட்வார்டன் 2023இல் புதிய கணக்குகளுக்கு 6 லட்சம் என்று வைத்து, ஆர்கான்2 முறையையும் சேர்த்தது. பழைய கணக்குக்காரர்களுக்கு எச்சரிக்கை காட்டியது, ஆனால் அப்போது மாற்றும் வேலை பயனர் தலையில்தான் விழுந்தது. எச்சரிக்கைப் பட்டையைப் படித்து அமைப்புகளுக்குள் போகிறவர்கள் யார்? நீங்களும் நானும்தான்.

இதற்கு 1பாஸ்வேர்டு எடுத்த வழி எனக்குப் பிடித்தது. மாஸ்டர் பாஸ்வேர்டோடு 128 பிட் ரகசியச் சாவி ஒன்றும் பயனரின் சாதனத்திலேயே உருவாகிறது. அது நிறுவனத்தின் சர்வருக்குப் போவதே இல்லை. எனவே சர்வரிலிருந்து பெட்டகம் மொத்தமும் திருடுபோனாலும், பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்துத் திறக்க முடியாது. பொறியாளர் பார்வையில் அழகான ஏற்பாடு.

இப்போது அதே ஏற்பாட்டை, வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். போன் பஸ்ஸில் தொலைகிறது. ரகசியச் சாவி அச்சிட்ட தாள் எங்கே என்று தெரியாது, அப்படி ஒன்று இருந்ததே நினைவில்லை. சிம்மும் போனதால் ஓடிபி வராது. நிறுவனத்துக்கு எழுதினால், எங்களாலும் திறக்க முடியாது என்று நேர்மையாகப் பதில் வரும். எந்தத் திருடனும் தொடாமலே அவருடைய வங்கி, மின்னஞ்சல், காப்பீடு எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன.

நம் துறையின் குருட்டுப் புள்ளி இதுதான் என்று நினைக்கிறேன். பெட்டகம் திருடுபோவதை எண்ணியே நாம் பரிந்துரைக்கிறோம். தனிப்பட்ட பயனருக்கு அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து, தன் பெட்டகத்துக்குத் தானே அந்நியராகிவிடுவது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். மீட்பு வழி இல்லாத மறையாக்கம் முதல் ஆபத்தைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டுகிறது. கேட்பவர் யார், கையில் எத்தனை சாதனம், அவை எந்த வகை என்று தெரியாமல் ஒரு பெயரைச் சொல்வது ஆலோசனை ஆகாது.

அதனால்தான் நம் கூட்டங்களில் சொன்னால் முகம் சுளிக்கப்படும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆண்ட்ராய்டு போனும் குரோமும் மட்டும் உள்ளவருக்கு, போனோடு வந்த கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரே பெரும்பாலும் போதும். ஐபோனும் மேக்கும் மட்டும் உள்ள வீட்டுக்கு, 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18உடன் தனிச் செயலியாக வந்த ஆப்பிள் பாஸ்வேர்ட்ஸ் போதும். இரண்டாவது சாதனத்தைச் சேர்ப்பதும் கணக்கை மீட்பதும் அவற்றில் சாமானியருக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மொத்தமும் ஒரே கணக்கில் தொங்குகிறது என்ற குறை உண்மைதான். அந்தக் கணக்குக்கு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும் மீட்புக் குறியீடுகளும் போட்டுக்கொடுப்பது நம் வேலை. சிக்கல் வருவது கலப்பு வீடுகளில்தான். கணவரிடம் ஆண்ட்ராய்டு, மகளிடம் ஐபேட், மேசையில் விண்டோஸ் லேப்டாப் என்றால் ஆப்பிளின் செயலி ஆண்ட்ராய்டில் கிடையாது. அங்கேதான் பிட்வார்டன், 1பாஸ்வேர்டு போன்ற பொதுவான மேலாளர்களுக்கு இடம் வருகிறது.

கீபாஸ் நமக்குப் பிடித்த பிள்ளை. 2003இலிருந்து இருக்கிறது, திறந்த மூலம், யார் சர்வரையும் நம்ப வேண்டாம். ஆனால் கோப்பைச் சாதனங்களுக்கிடையே ஒத்திசைப்பது பயனரின் பொறுப்பு. போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நாளில் திருத்தியவர் முன் இரண்டு கோப்புகள் நிற்கும்போது எது புதியது என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா? இல்லையென்றால் பரிந்துரைக்காதீர்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை நியாயமானது, ஆனால் இங்கே ஒரு ஒருங்குறிச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகள் வேறு. செயலி சாவியை உருவாக்கும் முன் எழுத்துகளை ஒரே வடிவுக்கு இயல்பாக்கவில்லை என்றால், ஒரு விசைப்பலகையில் திறந்த பெட்டகம் இன்னொன்றில் திறக்காது. அமெரிக்காவின் நிஸ்ட் வழிகாட்டுதல் இந்த இயல்பாக்கத்தைச் செய்யச் சொல்கிறது, எல்லாரும் செய்கிறார்களா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அவசரத்தில் அடுத்தவர் போனில் தமிழ் விசைப்பலகை இருக்காது என்பது தனி. தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து ஆங்கில எழுத்தில் வைப்பதே மேல். வாழை என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று நமக்குத் தெரியும். எந்த எழுத்துக்கூட்டு என்பதையும் சேர்த்தே முடிவுசெய்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தானாக நிரப்பும் வசதியில் ஓட்டைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2023இல் ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டில் காட்டிய ஆட்டோஸ்பில், 2025இல் பிரவுசர் நீட்சிகளில் வெளிப்பட்ட கிளிக்ஜாக்கிங் இரண்டும் அந்த வகை. அதற்காக வசதியையே அணைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. போலித் தளத்தின் முகவரி பொருந்தாதபோது நிரப்ப மறுப்பது அந்த வசதிதான். நகலெடுத்து ஒட்டுகிறவருக்கு அந்தக் காவல் இல்லை.

வெளியேறும் வழியையும் முதல் நாளே பார்க்க வேண்டும். 2025இல் மட்டும் மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் பாஸ்வேர்டு சேமிப்பைக் கைவிட்டது, டிராப்பாக்ஸ் பாஸ்வேர்ட்ஸ் மூடப்பட்டது. ஏற்றுமதி என்றால் பெரும்பாலும் மறையாக்கமில்லாத சிஎஸ்வி கோப்பு. அது டவுன்லோட்ஸ் கோப்புறையில் மறந்து கிடக்கும், கூடவே மேகச் சேமிப்புக்கும் நகலாகிவிடும். பாஸ்கீகள் அந்தக் கோப்பில் வராது. அவற்றை மேலாளர்களுக்கிடையே பாதுகாப்பாக மாற்றும் முறைக்கு ஃபிடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் வரைவு வெளியிட்டது.

இறப்பைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஆப்பிளில் வாரிசுத் தொடர்பாக ஒருவரை நியமிக்கலாம், ஆனால் கீசெயினில் உள்ள கடவுச்சொற்கள் அவருக்குக் கிடைக்காது. பலர் நியமித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில் அவசர அணுகல் உண்டு: நாம் நியமித்தவர் கேட்ட பிறகு, குறித்துவைத்த காத்திருப்பு நாட்களுக்குள் நாம் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். இது எதுவும் வேண்டாம் என்பவருக்கு ஒரு தாள் போதும். தாளில் எழுதாதே என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்தது அலுவலக மானிட்டரில் ஒட்டுகிறவர்களுக்காக. வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவுக்கு அந்த விதி பொருந்தாது. மின்னஞ்சல் முகவரி, மாஸ்டர் பாஸ்வேர்டு, மீட்புக் குறியீடு, எழுதிய தேதி ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றும்போது தாளையும் மாற்றச் சொல்லுங்கள்.