பாமினிக்குள் பூட்டிக் கிடக்கும் எங்கள் பாடங்கள்



"ஆசிரியர்களுக்கு 20 செயலிகள்", "உங்கள் போனில் கட்டாயம் இருக்க வேண்டிய 15 செயலிகள்" என்று குழுக்களில் எப்போதும் ஏதாவதொன்று சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் இறக்கினால் எங்கள் போன்கள் தாங்காது. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் உண்மையில் பாவிப்பது மூன்றே மூன்றுதான்.

முதலாவது கூகுள் ஷீட். 42 பிள்ளைகளின் ஒன்பது பாடப் புள்ளிகளைக் கல்குலேட்டரில் கூட்டி, சராசரி எடுத்து, இடம் போட்டு முடிக்கும்போது ஒரு பாடத்தின் புள்ளி பிந்தி வரும். திரும்பவும் முதலிலிருந்து. அந்த இரவுகள் வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும். இப்போது ஒவ்வொருவரும் தங்கள் நிரலில் புள்ளியைப் போட, கூட்டலும் இடமும் தானாக வருகின்றன.

இரண்டாவது குரல் தட்டெழுத்து. ஜீபோர்டில் "தமிழ் (இலங்கை)" என்பதைத் தெரிவுசெய்து மைக்கை அழுத்திப் பேசினால் போதும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு பாடக்குறிப்பு முடிந்துவிடும். ல, ள, ழ மூன்றிலும் விளையாட்டுக் காட்டும், திருத்தத்தான் வேண்டும்.

மூன்றாவது கூகுள் லென்ஸ். சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தின் சாரம் பிடிபடும். கடைசித் திகதியையும் நிபந்தனைகளையும் மட்டும் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இவற்றால் மிச்சமாகும் நேரத்தை நாங்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதுதான் இந்தப் பதிவு.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டபோதும், தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் எத்தனை பயிற்சித்தாள்களைத் தட்டெழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினோம்! இன்று அதில் ஒன்றைத் தேடி எடுங்கள் பார்ப்போம். கிடைக்காது. கிடைத்தாலும் பீ.டி.எஃப்பாக இருக்கும், நடுவில் யாரோ ஒருவரின் பெயரும் டியூஷன் வகுப்பின் இலக்கமும் குறுக்கே ஓடும். ஒரு கேள்வியை மாற்றிப் போட வழியில்லை. பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. கடைசியில் புத்தளத்தில் ஒரு மிஸ் அடித்ததையே மூதூரில் ஒரு சேர் முதலிலிருந்து அடிக்கிறார்.

காரணம் பாமினி. கல்விக் கல்லூரியில் கணினி என்று நாங்கள் பழகியதே அந்த எழுத்துருவில்தான், அதனால் அதன் மேல் பாசம் இருக்கிறது. ஆனால் பாமினியில் "அம்மா" என்று அடித்தால் தமிழ் திரையில் மட்டும்தான். கணினிக்குள் பதிவாவது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அந்தக் கோப்பை இணையத்தில் போட்டாலும் தேடுபொறிக்கு அது தமிழ் என்று தெரியாது. தமிழ் யுனிகோட்டுக்குள் வந்தது 1991இல். எங்கள் வினாத்தாள்களில் பாதி இன்னும் வெளியே நிற்கிறது.

இதன் விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். தரம் 10 பிள்ளை ஒன்று விஞ்ஞானப் பாடத்தில் சந்தேகம் வந்து போனில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடம். அது நல்ல பாடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொற்கள் வேறு. எங்களுக்குத் திணிவு, அவர்களுக்கு நிறை. எங்களுக்கு நிறை, அவர்களுக்கு எடை. நாங்கள் கதி என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள், நாங்கள் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். ஆர்முடுகல் அங்கே முடுக்கம். முற்றிலும் வேறு சொல்லாக இருந்தால் பிள்ளை நின்று யோசிக்கும். "நிறை"யும் "வேகமும்" இரண்டு பக்கமும் இருந்துகொண்டு வேறு வேறு பொருள் தருவதுதான் ஆபத்து. கிலோகிராமில் நிறையை எழுதிவிட்டு வந்து, "இணையத்தில் அப்படித்தான் இருந்தது சேர்" என்று சொல்லும் பிள்ளையோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

சாட்ஜிபிடியிடம் வினாத்தாள் கேட்பவர்களும் இதைக் கவனித்திருப்பீர்கள். பாடசாலை என்று நாங்கள் கேட்டாலும் பள்ளி என்கிறது, பௌதிகவியலை இயற்பியல் ஆக்குகிறது. அது வாசித்துப் பழகுவதற்கு எங்கள் தமிழை நாங்கள் வெளியில் வைத்தால்தானே?

"விரல் பாமினிக்குப் பழகிவிட்டது, இனி எங்கே மாறுவது" என்பார்கள் மூத்த ஆசிரியர்கள். விரலை மாற்றவே தேவையில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் இரண்டிலும் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. அதே விசைகளைத் தட்டலாம், விழுவது யுனிகோட். பழைய கோப்புகளுக்குச் சுரதாவின் எழுத்துரு மாற்றி இருக்கிறது. ஒட்டி, மாற்றி, எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் இலவசம்.

"கஷ்டப்பட்டு அடித்ததை இன்னொருவர் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரில் போடுவாரே" என்பது இரண்டாவது பயம். நியாயமான பயம், அப்படிப் போடுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் பெயரைப் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் போடுவோம், எடுப்பவர் அதை அப்படியே விடட்டும். ஆனால் வெட்டுகிற நான்கு பேருக்குப் பயந்து பூட்டுப் போட்டால், வகுப்புக்கு அனுப்பக் காசில்லாத வாப்பாவின் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பூட்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த தாளில் டியூஷன் விளம்பரம் ஓடுவதைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. எழுதினால் கொமெண்ட் பகுதி தாங்காது.

இன்னும் ஒன்று, வட்ஸ்அப்பில் போடும்போது கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள், "தரம் 8 விஞ்ஞானம் அலகு 3" என்று. வட்ஸ்அப் தேடல் கோப்பின் பெயரையும் பார்க்கும். "புதிய கோப்பு 7" என்று போட்டதை அடுத்த மாதம் அனுப்பியவராலேயே கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, இலங்கைச் சொல் ஒரு நிரலிலும் தமிழ்நாட்டுச் சொல் அடுத்த நிரலிலுமாக ஒரு கூகுள் ஷீட் தொடங்கியிருக்கிறோம். தரம் 10, 11 பௌதிகப் பகுதி முடிந்துவிட்டது. இரசாயனம் பாதியில் நிற்கிறது, உயிரியலுக்கு இன்னும் ஆள் இல்லை. இணைப்பு முதலாவது கொமெண்டில், யாரும் திறந்து எழுதலாம். பாமினியில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.