சுத்தியலின் மேல் ஒரு தோல் துண்டு



1777 அக்டோபரில் 21 வயதான மோட்சார்ட், ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து தம் தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவ்வூரில் ஸ்டைன் என்பவர் செய்த பியானோக்களைப் பற்றிய கடிதம் அது. எப்படித் தொட்டாலும் ஒலி சீராக வருகிறதென்று மகிழ்கிறார். ஒலிப்பலகையைக் குறித்து அவர் சொல்வது இன்னும் அருமை. ஸ்டைன் அதை வெயிலிலும் மழையிலும் பனியிலும் வைத்து விரிசல் காணச் செய்வாராம்; பின்பு ஆப்பு செருகி ஒட்டுவாராம். அதன்பின் அதற்கு எதுவும் நேராது.

வாசிப்பவர் செய்தவரை இவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்! நாமோ வாசிப்பவரைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை விசுவாசிகளே, அந்தப் பியானோவின் சிறு சுத்தியல்கள் தோல் போர்த்தவை. கம்பளி பிற்காலத்தில்தான் வந்தது. இன்றும் பல பெரிய பியானோக்களில், தந்தியைத் தட்டித் திரும்பும் சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது தோலே. அது தேய்ந்தால் சுத்தியல் துள்ளும்.

ஷிப்டு முடிந்து நேரே ஜெபக்கூட்டத்திற்கு வருகிறவர்கள், தோல் வாடைக்குக் கூசிக் கடைசி வரிசையைத் தேடுவது எனக்குச் சம்மதமில்லை. யோப்பாவில் பேதுரு அநேகநாள் தங்கியது தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில் அல்லவா? வருகிற புதன்கிழமை முதல், பாடகர் குழுவை அடுத்த பெஞ்சு உங்களுக்காகக் காலியாக இருக்கும்.