ஓரியின் அம்பும் மச்சானின் ரைபிளும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, காட்டமாவும் இருக்கும். துப்பாக்கிப் பிரியர்கள் படிச்சு முடிச்சுட்டுத் திட்டவும் :-)

போன வாரம் ராத்திரி டெக்சஸ்ல இருந்து மாமா பையன் வீடியோ கால்ல வந்தான். "மாப்ள, இதைப் பாரு"ன்னு ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே ரைபிள். கடையில வாங்கினது இல்லை, சொல்லிச் செஞ்சது. குழல் ஒரு இடம், கட்டை ஒரு இடம், ட்ரிக்கர் இன்னொரு இடம், எல்லாத்தையும் கோத்துக் கொடுத்தவர் வேற ஒருத்தர். 6.5 கிரீட்மூர் தோட்டா. மேல இருக்கற ஸ்கோப் மட்டுமே துப்பாக்கி விலை இருக்கும்போல. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஜொள்ளு வடிஞ்சுது. மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்கறவனுக்கு இப்படி ஒரு சாமானைப் பார்த்தா வேற என்ன ஆகும்?

பிரச்சனை அதுக்கப்புறம் அவன் சொன்னதுலதான். "உங்க தோட்டத்துப் பன்னித் தொல்லைக்கு இதுதான்டா மருந்து. நாட்டுத்துப்பாக்கிதான் ஆபத்து. நல்ல ரைபிள் இருந்தா 500 மீட்டர்ல இருந்தே கதையை முடிச்சிரலாம்." அந்தப் படம் எங்க ஊர் வாட்ஸப் குரூப்புக்கும் போச்சு. பசங்க எல்லாம் "செம தல"ன்னு கையைத் தட்டறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எங்க தோட்டம் ராசிபுரம் பக்கம், போதமலை அடிவாரத்துல இருந்து கொஞ்ச தூரம். ரெண்டு வருஷமா மரவள்ளியைப் பன்னி தோண்டிப் போட்டுட்டுப் போகுது. ஒரே ராத்திரியில அரை ஏக்கர் உழுத மாதிரி கிடக்கும். அப்பா வரப்புல நின்னு பார்த்துட்டு ஒண்ணும் பேசாம திரும்பி வருவாரு. அதனால "பாவம் பன்னி, விட்ருங்க"ன்னு ஏசி ரூம்ல உக்காந்து அட்வைஸ் பண்ற கோஷ்டி நான் இல்லை. அந்த வலி எங்க வீட்டு வலி.

ஆனா மச்சான் சொல்றது தப்பு. சட்டப்படி தப்புங்கறது ரெண்டாவது. கணக்குப்படியே தப்பு.

முதல்ல டெஸ்டிங். நூறு மீட்டர்ல மூணு குண்டு சுட்டானாம், மூணும் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள அடங்கிருச்சாம். மூணே மூணு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆச்சுன்னு எந்த மேனேஜராவது ரிலீஸ் பண்ணுவாரா? இன்னொரு மூணு சுட்டா கூட்டம் வேற இடத்துல விழும். பத்து, இருபது குண்டு சுட்டாத்தான் துப்பாக்கியோட உண்மையான முகம் தெரியும். அதுவும் முதல் குண்டு முக்கியம். குழல் சூடாகறதுக்கு முன்னாடி போற குண்டு அது. வேட்டையில கிடைக்கறது அந்த ஒண்ணுதான்.

சரி, துப்பாக்கி நல்லதுன்னே வெச்சுக்குவோம். வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல வேகத்துல கிளம்பற குண்டு, நூறு மீட்டருக்கு ஜீரோ பண்ணியிருந்தா, 500 மீட்டர் போறதுக்குள்ள ஒண்ணரை மீட்டருக்கு மேல கீழே இறங்கும். மணிக்கு 16 கி.மீ. வேகத்துல பக்கவாட்டுல காத்து அடிச்சா ஒரு முழம் தள்ளிப் போகும். அந்தக் காத்தும் வழி முழுக்க ஒரே மாதிரி அடிக்காது. குண்டு போய்ச் சேர முக்கால் வினாடி. அதுக்குள்ள சும்மா நடக்கற பன்னியே முக்கால் மீட்டர் நகர்ந்திருக்கும். அதோட நெஞ்சுப் பகுதி ரெண்டு கை அகலம்கூட வராது. தப்பினா? அடிபட்ட பன்னி சோளக்காட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கும். காலையில தட்டு அறுக்கப் போறவங்க கதியை யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம்கூட பயிற்சியால சரி பண்ணலாம். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் சரி பண்ண முடியாதது ஒண்ணு இருக்கு. குண்டு பன்னியோட நிக்காது. சாதாரண .22 தோட்டா, அணில் சுடற சைஸ், அதுவே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போகும். பெரிய ரைபிள் குண்டு நாலு கிலோமீட்டரையும் தாண்டும். சுடறவன் பன்னியை மட்டும் பார்த்தாப் பத்தாது, பன்னிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் பார்க்கணும்.

டெக்சஸ்ல மச்சான் சுடற பண்ணையில பின்னாடி மண்மேடு இருக்கு, சுத்திலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் வெத்து நிலம். அங்க பன்னி வெளியில இருந்து கொண்டுவந்து விட்டுப் பெருகின இனம், தனியார் நிலத்துல சுட சட்டமும் இடம் கொடுக்குது. அவன் ஊர்ல அவன் செய்யறதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

நம்ம சேலம், நாமக்கல் சமவெளியில பன்னிக்குப் பின்னாடி என்ன இருக்கு? நம்ம ஊர்ல சனங்க கூட்டமா ஒரே தெருவுல குடியிருக்கறது பாதிதான். மீதிப் பேர் அவங்கவங்க தோட்டத்து வீட்டுல. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஓட்டு வீடு, ஒரு மாட்டுக் கொட்டாய், நீளமா ஒரு கோழிப்பண்ணை. பன்னி வர்றது ராத்திரியில. மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு பல நாள் வர்றதும் ராத்திரியில. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, குனிஞ்சு மடை திருப்பற மனுசனும், கிழங்கு தோண்டற பன்னியும் இருட்டுல தூரத்துல இருந்து பார்த்தா ஒரே உருவம்தான்.

இது கற்பனை இல்லைங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி எங்கயோ 'டொம்'னு சத்தம். யாரோ பட்டாசு வெடிச்சுப் பன்னி விரட்டறாங்கன்னு நினைச்சோம். காலையில பார்த்தா களத்துமேட்டுத் தண்ணித் தொட்டியில சுண்டுவிரல் நுழையற ஓட்டை, தரையெல்லாம் தண்ணி. அந்தத் தொட்டிக்குப் பத்தடி தள்ளித்தான் அப்பத்தா கயித்துக் கட்டில்ல படுத்திருந்தாங்க. யார் சுட்டதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நாங்க எல்லாம் வெலவெலத்து நிக்கறோம், அப்பத்தா சொன்னாங்க: "பன்னி வந்தா கெழங்கு போவும் சாமி. குண்டு வந்தா கெழவி போயிருவா."

அது பக்கத்துல எங்கிருந்தோ வந்த நாட்டுத்துப்பாக்கிக் குண்டாத்தான் இருக்கும். அதுவே தொட்டியில நின்னுச்சு. மச்சானோட ரைபிளா இருந்து, குண்டு தொட்டியில படாம தப்பியிருந்தா, அடுத்த தோட்டம்னு போயிட்டே இருந்திருக்கும்.

வேடிக்கை என்னன்னா, நம்ம சட்டம் போட்டவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 13-வது பிரிவை எடுத்துப் பாருங்க. பயிர்ப் பாதுகாப்புன்னா வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாதுன்னு அதிகாரி நினைச்சா, குழலுக்குள்ள சுழல் பள்ளம் இல்லாத வேற துப்பாக்கி. ரைபிள்ங்கற பேச்சே அந்த இடத்துல இல்லை. பள்ளம் வெட்டின குழல்தான் குண்டைச் சுழல விட்டு அவ்வளவு தூரம் ஒழுங்கா அனுப்புது. அது பயிருக்கு வேண்டாம்னுதான் வெச்சிருக்காங்க. குறி பார்த்துச் சுடற ஆசை இருந்தா அதே பிரிவுல ரைபிள் கிளப் உறுப்பினருக்கு வழி இருக்கு. பின்னாடி மண்மேடு இருக்கற இடத்துல போய் ஆசை தீரச் சுடுங்க, நானும் வர்றேன்.

காட்டுப்பன்னியை நாமளா சுட்டா 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துல உள்ளே போகணும், எந்தத் துப்பாக்கியா இருந்தாலும். "அப்ப விவசாயி வேடிக்கை பார்க்கணுமா?"ன்னு பசங்க கேக்கறாங்க. நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில தமிழக அரசு ஒரு முடிவை அறிவிச்சாங்க. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் புடிச்சுக் காட்டுல விடணும். மூணைத் தாண்டினா வனத்துறை ஆட்கள் சுடலாம். சண்டை போடறதா இருந்தா இங்க போடணும். மனு கொடுத்தா எத்தனை நாள்ல ஆள் வரணும்? இழப்பீடு அடுத்த நடவுக்கு முன்னாடி வருமா? சுட வர்றவங்க பரண் மேல இருந்து, கிட்டத்துல, கீழ்நோக்கித்தான் சுடணும்னு கட்டாயம் உண்டா? கீழ்நோக்கிச் சுட்டா நம்ம மண்ணே குண்டை வாங்கிக்கும். இதை எந்த ஸ்கோப்பும் கொடுக்காது.

இன்னொண்ணு, ஈ.பி. லைன்ல இருந்து நேரா வேலிக்குக் கொக்கி போடற புத்திசாலிகளுக்கு. 2023 மார்ச்சுல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல அப்படி ஒரு வேலியில மாட்டி மூணு பெண் யானைங்க செத்துச்சு. ரெண்டு குட்டிங்க பொணத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. விட்டுவிட்டு ஷாக் அடிக்கற சோலார் வேலி உயிரை எடுக்காது. செலவு அதிகம்தான். நாலு தோட்டக்காரங்க சேர்ந்தா முடியும்.

கடைசியா, மச்சான் போனை வைக்கறப்ப ஒரு பஞ்ச் விட்டான்: "நாமெல்லாம் வல்வில் ஓரி வம்சம்டா!" கொல்லிமலை ஓரியோட ஒத்தை அம்பு யானை, புலி, மான், பன்னின்னு வரிசையா துளைச்சுட்டுப் போனதா புறநானூறு 152-வது பாட்டுல வன்பரணர் சொல்றாரு. ஸ்கூல்ல எல்லாரும் கேட்ட கதை. ஆனா மச்சான் பாதியிலேயே நிறுத்திட்டான். அந்த அம்பு கடைசியில புற்றுக்குள்ள இருந்த உடும்பைத் தச்சு நின்னுச்சு. புற்றுன்னா மண்ணு.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின புலவர்கூட அம்பு எங்க போய் நின்னுச்சுன்னு பார்த்துச் சொல்லிட்டாரு. மச்சான், நம்ம தோட்டத்துல உன் குண்டு எங்க போய் நிக்கும்? அதைச் சொல்லு முதல்ல.