கருவிகளுக்கும் ஓர் அறிவிப்பாளர் தொடர் வேண்டும்



ஒரு நபிமொழியை யாரேனும் எடுத்துரைத்தால், அதை அவர் யாரிடம் கேட்டார், அவருக்குச் சொன்னவர் யார், அந்த வரிசை இடையில் எங்கேனும் அறுபட்டிருக்கிறதா என்று ஆராய்ந்த பின்னரே நம் அறிஞர் பெருமக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் தொடரும், அறிவிப்பாளர்களின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோடும் கலையும் இந்தச் சமுதாயம் போற்றிப் பாதுகாத்த அறிவுச் செல்வங்கள். அத்தகைய சமுதாயத்தின் வீடுகளுக்குள் இன்று கைப்பேசியும் மடிக்கணினியும் செயற்கை நுண்ணறிவும் எந்த விசாரணையுமின்றி நுழைந்துவிடுகின்றன. இதைச் செய்தவர் யார், இது சொல்வதற்கு ஆதாரம் என்ன, நம்மிடம் கேட்டதை வேறு யாரிடம் போய்ச் சொல்கிறது என்று நாம் வினவுவதில்லை. வினவ வேண்டும் என்பதே என் கருத்து. புதிய கருவிகள் மீது தீராத ஆர்வம் கொண்டவனாகவே இதை எழுதுகிறேன். கருவிகளை விலக்கி வையுங்கள் என்று சொல்வது என் நோக்கமன்று.

ஒரே கல்லூரி, இரு மாணவர்கள்

திருச்சி மலைக்கோட்டையின் அருகே, தெப்பக்குளத்தை அடுத்து நிற்கிறது தூய வளனார் கல்லூரி. 1950களின் முற்பகுதியில் அங்கே இயற்பியல் பயின்ற இருவரைத் தமிழுலகம் பின்னாளில் நன்கு அறிந்துகொண்டது. ஒருவர் ராமேசுவரத்திலிருந்து வந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். மற்றவர் காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன், ‘சுஜாதா’ என்றால்தான் பலருக்குத் தெரியும். இருவருமே பின்னர் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.க்குச் சென்றனர். கலாம் வானூர்திப் பொறியியலும் ரங்கராஜன் மின்னணுவியலும் கற்றனர்.

கலாம் அவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம். ‘கனவு காணுங்கள்’ என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். சுஜாதாவைக் கதாசிரியராக மட்டும் நினைக்கிறோம். அவர் ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் ஐயங்களுக்கு விடையளித்த பகுதியின் பெயர் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்பது. ஒரு கருவியை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் யாவும் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

அவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். அந்த இயந்திரத்தின் வரலாறு ஒரு நல்ல பாடம். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி, 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் அந்த இயந்திரமே வாக்குகளைப் பதிவுசெய்தது. அதன் பிறகும் கேள்விகள் ஓயவில்லை. அவற்றின் பயனாக 2013இல் காகிதச் சீட்டு வந்தது. இன்று நாம் பொத்தானை அழுத்தியதும், யாருக்கு வாக்களித்தோம் என்பதைக் காட்டும் சீட்டு ஏழு நொடிகள் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது.

இந்த இயந்திரம் செய்வது ஒரே வேலை: வாக்கைப் பதிந்து எண்ணுவது. இணையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. இவ்வளவு எளிய கருவியிடமே ‘நீ பதிந்ததைக் கண்ணால் காட்டு’ என்று ஒரு நாடு கேட்டது. கேட்டவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. பொறுப்புள்ள குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். அப்படியானால், ஆயிரம் வேலை செய்யும், இரவும் பகலும் இணையத்தோடு பிணைந்திருக்கும் கைப்பேசியிடம் நாம் எவ்வளவு கேட்க வேண்டும்!

உலாவி என்னும் வாசற்கதவு

இணையத்துக்குள் நாம் செல்லும் வாசல் உலாவி. எத்தனையோ பெயர்களில் உலாவிகள் இருந்தாலும் அவற்றின் உள்ளே ஓடும் இயந்திரங்கள் பெரும்பாலும் மூன்றே. கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் ஆகிய யாவும் பிளிங்கையே நம்பியிருக்கின்றன. நம் தமிழகத்தின் சோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘உலா’ உலாவிக்கும் அடித்தளம் அதுவே. தமிழ்ப் பெயரோடு ஓர் உலாவி வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. பயனரின் தகவலை விற்பதில்லை என்ற கொள்கையோடு அது வந்திருப்பது இன்னும் மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் எல்லா வீட்டுக் கதவுகளுக்கும் ஒரே தச்சரிடம் பூட்டு வாங்குவது ஊருக்கு நல்லதன்று. ஆகவே, வீட்டில் ஒரு கருவியிலாவது பயர்பாக்ஸ் இருக்கட்டும் என்பேன். அதைத் தமிழ் இடைமுகத்தோடும் பயன்படுத்தலாம்.

உலாவி வழியே நம்மைப் பின்தொடர்வது எப்படி? ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறோம். செய்தி ஓரிடத்திலிருந்து வருகிறது. பக்கத்திலுள்ள விளம்பரமோ வேறோரிடத்திலிருந்து வருகிறது. விளம்பர நிறுவனம் நம் உலாவியில் ஒரு சிறு குறிப்பை வைத்துவிட்டுப் போகிறது. அதற்குக் குக்கீ என்று பெயர். பிறகு நாம் ஒரு மருத்துவத் தளத்துக்கும், வரன் பார்க்கும் தளத்துக்கும் செல்கிறோம். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், பழைய குறிப்பைப் படித்து ‘அவர்தான் இவர்’ என்று கண்டுகொள்கிறது. நோயும் திருமணமும் கடனும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. இத்தகைய பின்தொடர்தலைச் சஃபாரியும் பயர்பாக்ஸும் இயல்பாகவே தடுக்கின்றன. குரோமிலிருந்து அக்குக்கீகளை நீக்கப்போவதாக அறிவித்திருந்த கூகுள், 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. குரோம் பயன்படுத்துவோர் அமைப்புகள் பகுதிக்குச் சென்று தாமே தடுத்துக்கொள்ள வேண்டும்.

‘மறைநிலை’ சாளரத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று நம் இளைஞர்கள் எண்ணுகிறார்கள். அது நம் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவே. நாம் செல்லும் தளத்துக்கும் இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கும் நம் வருகை தெரியும். மறைநிலையில் திரட்டிய தகவல் தொடர்பாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது. மனிதர் காணாவிடினும் அல்லாஹ் காண்கிறான் என்பது நம் நம்பிக்கை. இங்கோ மனிதரும் கண்டுகொண்டுதான் இருக்கிறார்கள்.

தொழுகை நேரம் பார்த்தபோது நடந்தது

இது நமக்கு மிக அருகில் வந்த செய்தி. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தரவிறக்கியிருந்தனர். அச்செயலியிலிருந்து பயனரின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்னும் நிறுவனத்துக்குச் செல்வதாகவும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் உண்டு என்றும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளிக்கொணர்ந்தது. செயலியை நடத்தியோர் குற்றச்சாட்டை மறுத்தனர். ஆயினும் எக்ஸ்-மோட் நிறுவனத்துடனான உறவை உடனே முறித்துக்கொண்டனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்றுவருவதைக் காட்டும் இருப்பிடத் தகவலை விற்கக் கூடாது என்று எக்ஸ்-மோட் நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் ஒருவரின் காலடிகள் சந்தையில் விலைபேசப்பட்டன என்பதை எண்ணிப் பாருங்கள். பிறர் இல்லத்துள் சலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையலாகாது என்று அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. இந்த ஒழுக்கத்தை மனிதரிடம் எதிர்பார்க்கும் நாம், செயலி கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் படித்துப் பாராமலே ‘சரி’ என்று விரலால் தொட்டுவிடுகிறோம்.

இதற்குத் தீர்வு எளிது. திருச்சியின் தொழுகை நேரம் அறிய ஊர்ப்பெயர் போதும், தெருப்பெயர் வேண்டியதில்லை. கிப்லாவும் அப்படியே. இங்கிருந்து அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே அமைந்துள்ளது. காஜாமலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போனாலும் அத்திசை மாறியதாக நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே செயலியின் இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டு ஊரை நாமே தேர்ந்தெடுக்கலாம். அல்லது துல்லியமற்ற இருப்பிடத்தை மட்டும், பயன்படுத்தும்போது மட்டும், அனுமதிக்கலாம். பள்ளிவாசல் வெளியிடும் நாட்காட்டி சுவரில் தொங்கினால் அதுவும் வேண்டியதில்லை.

அலமாரியில் உறங்கும் மடிக்கணினி

வன்பொருள் பற்றியும் ஒரு சொல். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. 2017க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. ‘கணினி பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்’ என்ற அறிவுரை எங்கும் கேட்கிறது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றைத் தூக்கி எறிவது வீண்விரயம். வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தைச் சற்றே கூட்டி, லினக்ஸ் நிறுவினால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடம் படிக்கவும், தட்டச்சுப் பழகவும், நிரல் எழுதக் கற்கவும் அது தாங்கும். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை மஹல்லாவில் ஒருவராவது இருப்பார். ஒரு விடுமுறை நாளில் பள்ளிவாசல் வளாகத்தில் அமர்ந்து பத்து மடிக்கணினிகளுக்கு உயிரூட்டினால், பத்து வீடுகளில் செலவு மிஞ்சும். செய்த பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி கிடைக்காது.

வரப்போகும் அறிவியல்

சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் படிக்கிறது, சிந்திக்கிறது, வாதிடுகிறது. ஆனால், அந்தக் கதையின் நாட்டில் மக்களின் வாழ்க்கை முழுவதும் ஆட்சியின் கண்காணிப்புக்கு உட்பட்டிருக்கிறது. கூர்மையான இயந்திரமும் கூனிக் குறுகிய மனிதனும் ஒரே நாட்டில் வாழக்கூடும் என்று அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் 1980களிலேயே எழுதிவைத்தார்.

இன்று ஜீனோவைப் போலப் பேசும் மென்பொருள் நம் பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது. வீட்டுப்பாடத்தை மட்டுமன்றி, மார்க்கச் சட்டங்களையும் அதனிடமே கேட்கிறார்கள். பெருந்திரளான எழுத்துகளைப் படித்து, அடுத்து வரத் தகுந்த சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கும் முறையில் அது இயங்குகிறது. அதனால் தவறான தகவலையும் சரியானதைப் போன்றே சரளமாகச் சொல்லும்; இல்லாத நூலுக்குப் பக்க எண்ணும் கொடுக்கும். சரளமான நாவை மட்டும் கொண்டு நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் எவரையும் நம்பியதில்லை. ‘யாரிடமிருந்து பெற்றாய்?’ என்றே கேட்டார்கள். பிள்ளைகளுக்கும் அதையே பழக்குங்கள். விடையைப் பெறட்டும்; பிறகு மூலநூலைத் திறந்து பார்க்கட்டும்; மார்க்க விஷயமாயின் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளியட்டும். மருந்தோ சட்டமோ ஆனாலும் உரியவரிடம் கேட்காமல் செயல்பட வேண்டாம்.

இதனால் புதிய அறிவியலுக்கு நாம் அஞ்சி ஒதுங்கக் கூடாது. ஏவுகணைக்காக உருவான இலகுவான கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கால்தாங்கியின் எடையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததைக் கலாம் பெருமகிழ்வோடு நினைவுகூர்வார். ஒரு கண்டுபிடிப்பின் மதிப்பை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. யாருடைய சுமையை அது குறைத்தது? யார் மீது புதிய சுமையை ஏற்றியது?

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆனால், ஒப்புதல் அளிக்கும் பெற்றோருக்கு எதற்கு ஒப்புகிறோம் என்பது தெரியாவிட்டால், சட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே, இந்த வாரம் குடும்பத்தோடு அமர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, எந்தச் செயலிக்கு இருப்பிடம், ஒலிவாங்கி, படக்கருவி, தொடர்பு எண்கள் ஆகியவற்றின் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் ‘ஏன்? எதற்கு?’ என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். விடை கிடைக்காத அனுமதியை நீக்கிவிடுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவியை ஆள்பவராகப் பிள்ளை வளர்வதற்கு, இன்ஷா அல்லாஹ், அது நல்ல தொடக்கமாக அமையும்.