விட்ட மீனும் கணக்கில் வர வேண்டும்

அமெரிக்காவின் வடக்கு எல்லையில் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் என்றொரு பெரிய ஏரி உண்டு. பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆழமோ எங்கும் 13 மீட்டரைத் தாண்டாது. மாநில மீன் என்று 1965இல் அறிவிக்கப்பட்ட வால்ஐ மீனுக்குப் பேர்போன ஏரி அது. 2016ஆம் ஆண்டு கோடைப் பருவத்தில் அங்கே ஒரு கடும் விதி வந்தது. தூண்டிலில் வால்ஐ சிக்கினால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. உயிருள்ள இரையையும் முள்ளில் கோக்கக் கூடாது. அப்படியிருந்தும், தூண்டில்காரர்களுக்கென அந்த ஆண்டு ஒதுக்கப்பட்ட சுமார் 13,000 கிலோ மீனும் ஆகஸ்ட் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. விடப்பட்ட மீன்களில் எத்தனை பிறகு செத்துப்போகும் என்பதை மதிப்பிட்டு, அந்த எடையையும் அதிகாரிகள் கணக்கில் ஏற்றியிருந்ததே காரணம். பிடித்த மீனை விட்டுவிட்டால் ஏரிக்கு நட்டமில்லை என்று வடக்கத்தித் தூண்டில்காரர்கள் நெடுங்காலமாக நம்பிவருகிறார்கள். அந்த நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. வடக்கு ஏரிகளின் நாட்டு மீன் பிழைக்க வேண்டுமானால், ஏரி எவ்வளவு தாங்கும் என்று முதலில் வரையறுக்க வேண்டும். கைவிட்டுப் போன பிறகு செத்த மீன் உட்பட மனிதரால் செத்த ஒவ்வொரு மீனையும் அந்த வரம்புக்குள் எழுத வேண்டும். வரம்பு தீர்ந்த அன்றே தூண்டிலைச் சுருட்டவும் வேண்டும்.

விட்ட மீன் ஏன் சாகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வால்ஐ குளிர்ந்த, மங்கலான நீருக்கென்றே அமைந்த மீன். அதன் விழிக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. அதனால்தான் அந்தி மயங்கிய பிறகும் அது இரை தேடுகிறது, விளக்கொளி பட்டால் கண் பளபளக்கிறது. பனிக்கட்டி உருகிய கையோடு, சரளைக்கல் படிந்த கரையோரங்களில் முட்டையிடுகிறது. பெண் மீன் முதல் முறை முட்டையிட நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஜூலை மாத வெயிலில் ஏரி சூடேறிக் கிடக்கும்போது இந்த மீனை இழுத்துப் போராட வைத்தால், நீரில் உயிர்வளி குறைந்திருக்கும் வேளையில் அதன் உடம்பு களைத்து ஓய்கிறது. முள்ளை அது விழுங்கியிருந்தால் செவுளோ குடலோ கிழிகிறது. ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுத்தால் வயிற்றுக் காற்றுப்பை உப்பி, மறுபடி கீழே இறங்க முடியாமல் மேற்பரப்பிலேயே தத்தளிக்கிறது. மில் லாக்ஸ் ஏரியிலேயே இதை ஆராய்ந்து பார்த்தார்கள். தண்ணீர் குளிர்ந்திருந்த மே மாதத்தில் விட்ட மீன்களில் செத்தவை மிகச் சில. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலோ நூற்றுக்குப் பத்துக்கு மேல். ஒரு படகு என்று பார்த்தால் இது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆயிரக்கணக்கான படகுகள் நாள்தோறும் இறங்கும் ஏரியில், ஒவ்வொருவரும் எத்தனை முறை வேண்டுமானாலும் பிடித்து விடலாம் என்ற நிலையில், இது டன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இந்த இழப்பு கண்ணுக்குத் தட்டுப்படாததுதான் இதிலுள்ள பேராபத்து. வணிக மீன்பிடி சரிந்தால் ஊரே அறியும்: படகுகள் கரையில் நிற்கும், சந்தையில் வரத்துக் குறையும், விலை ஏறும். பொழுதுபோக்குத் தூண்டிலால் ஓர் ஏரி காலியாகும்போது இப்படி எந்த அறிகுறியும் தெரியாது. ஓரிடத்தில் மீன் குறைந்தால் தூண்டில்காரர் அடுத்த ஏரிக்குப் போய்விடுகிறார். கனடாவின் நன்னீர் மீன்கள் பற்றி ஜான் போஸ்டும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் கண்ணுக்குத் தெரியாத சரிவு என்று எச்சரித்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. மீன் குறைந்துவரும்போதும் மிச்சமிருப்பவை பாறை மேடுகளிலும் முட்டையிடும் கரைகளிலும் கூட்டமாகவே திரள்கின்றன. இடம் தெரிந்தவருக்குக் கடைசி வரை நல்ல வேட்டைதான். இப்போது படகுக்குப் படகு பொருத்தப்பட்டிருக்கும் சோனார் திரைகள், மீன் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக்கூடக் காட்டிவிடுகின்றன. ஆகவே “எனக்கு நேற்றும் நிறையக் கிடைத்ததே” என்ற அனுபவ வாக்கு, ஏரியில் மீன் நிறைய இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணி, வரம்பு கட்டி, நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அதே மாநிலத்தின் வடக்கே இருக்கும் ரெட் லேக் விடை சொல்கிறது. மேல், கீழ் என இரண்டு பகுதிகளைக் கொண்ட இந்தப் பேரேரியின் பெரும்பகுதி ரெட் லேக் ஒஜிப்வே பூர்வகுடி மக்களுக்கு உரியது. மேலேரியின் கிழக்குப் பகுதி மட்டும் மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது. முதல் உலகப் போர்க்கால உணவுத் தேவைக்காக 1917இல் தொடங்கிய வணிக மீன்பிடி, பல பத்தாண்டுகள் அங்கே தொடர்ந்தது. வலையும் திருட்டு மீன்பிடியும் தூண்டிலும் சேர்ந்து 1990களின் நடுவில் வால்ஐ மீனைத் துடைத்தெடுத்துவிட்டன. 1997இல் பூர்வகுடி மீனவர்கள் தாங்களே முன்வந்து வலையை நிறுத்தினார்கள். 1999இல் பூர்வகுடி அரசும் மாநில அரசும் கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டு, ஏரி முழுவதிலும் வால்ஐ பிடிப்பதற்குத் தடை விதித்தன. 1999, 2001, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளில் மொத்தம் 10 கோடிக்கு மேற்பட்ட குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. 2006இல் ஏரி மீண்டும் திறந்தபோது, தலைக்கு இத்தனை மீன், இந்த நீளத்துக்குள் மட்டும் என்ற கட்டுப்பாடுகளோடு திறந்தது. அன்று முதல் இரு தரப்பு அறிவியலாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து அளவை முடிவு செய்கிறார்கள். பத்தாண்டுகூட ஆகவில்லை, கைவிட்டுப்போனதாகத் தோன்றிய மீன்வளம் திரும்பிவிட்டது. தங்கள் சோற்றுக்கு வழியாக இருந்த வலையைத் தாங்களே சுருட்டிய அந்த மக்கள் செய்த தியாகம்தான் இதற்கு அடிப்படை.

மில் லாக்ஸ் பக்கம் இதற்கு நேர்மாறான ஒரு குரல் இன்றும் கேட்கிறது: ஏரியைக் கெடுத்தது பூர்வகுடிகளின் செவுள் வலை, தூண்டில் அல்ல என்று. உரிமையின் அடிப்படையில் இதற்கு 1999லேயே பதில் வந்துவிட்டது. 1837இல் அமெரிக்க அரசுடன் செய்த ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தங்களுக்கிருந்த உரிமையை ஒஜிப்வே மக்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை இன்றும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எண்ணிக்கையின் அடிப்படையிலும் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 2015இல் ஏரி தாங்கும் அளவு 40,000 பவுண்டு, அதாவது சுமார் 18,000 கிலோ என்று வரையறுக்கப்பட்டது. அதில் மாநிலத் தூண்டில்காரர்களின் பங்கு 28,600 பவுண்டு; பூர்வகுடிகளின் பங்கு 11,400 பவுண்டு. தூண்டில்காரர்களின் பங்கு கோடை முடிவதற்குள்ளேயே தீர்ந்து, ஆகஸ்ட் 3 அன்று வால்ஐ பிடிப்பதை நிறுத்த நேர்ந்தது. வசந்தகாலத்தில் கரையோரம் வலை போடுவதைப் பார்க்கிறவருக்குக் கோபம் வருவது இயல்பு. வலையில் சிக்கிய மீன் கண்முன் கிடக்கிறது. ஆனால் அந்த மீன் ஒவ்வொன்றும் கரைக்கு வந்து எடை பார்க்கப்படுகிறது. தூண்டிலிலிருந்து விடப்பட்டு ஏரியடியில் சாகும் மீனையோ யாரும் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் சாவுக்கு மட்டும் பழி போட்டு, தெரியாத சாவைப் புண்ணியத்தில் சேர்ப்பது நியாயமாகாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றை எதிர்கொள்ள வேண்டும். ஏரியே மாறிவிட்டது, மனிதன் பிடிப்பதை மட்டும் பேசி என்ன பயன் என்பது அது. மாற்றம் உண்மைதான். கழிவுநீர்க் கட்டமைப்பு மேம்பட்டதால் மில் லாக்ஸ் ஏரியின் தண்ணீர் முன்பைவிடத் தெளிந்தது. 2005இல் கண்டறியப்பட்ட ஜீப்ரா மட்டிகள் அதை மேலும் வடிகட்டித் தெளியவைத்தன. 2009இல் முள்வால் கொண்ட நுண்ணிய அயல் உயிரி ஒன்றும் வந்துசேர்ந்து, மீன்குஞ்சுகளுக்கு வேண்டிய மிதவை உணவைத் தின்னத் தொடங்கியது. வெளிச்சம் கூடிய, சூடு கூடிய ஏரியில், மங்கல் நீரை விரும்பும் வால்ஐ மீனுக்கு உகந்த இடம் சுருங்கிவிட்டது. ஆனால் இந்த உண்மையிலிருந்து வரும் முடிவு, தூண்டிலைக் கட்டுப்படுத்துவது வீண் என்பதல்ல. வருமானம் குறைந்த குடும்பம் செலவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். வருமானம் குறைந்தது தன் குற்றமல்ல என்பதால் பழையபடியே செலவழிக்க முடியாது. ஏரி தாங்கும் அளவு குறைந்துவிட்டதென்றால், நாம் எடுக்கும் அளவும் அதற்கேற்பக் குறைய வேண்டும். மட்டிகளை ஏரியிலிருந்து திரும்பப் பொறுக்கி எடுக்க இன்று வழியில்லை; வெயிலைத் தணிக்க எந்த மாநிலத்தாலும் தனியாக முடியாது. தூண்டிலை மட்டுமே இந்தப் பருவத்திலேயே, ஓர் உத்தரவில் நிறுத்த முடியும்.

குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ரெட் லேக்கில் குஞ்சு விட்டது பலன் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே முட்டையிடத் தாய்மீன்களே அருகிப்போயிருந்தன. கூடவே பிடிப்பதும் அடியோடு நிறுத்தப்பட்டிருந்தது. மில் லாக்ஸின் நோய் வேறு. அங்கே முட்டைகள் பொரிக்கின்றன. குஞ்சுகள் ஏராளமாகவே பிறக்கின்றன. அவை இரண்டு மூன்று வயதைத் தாண்டி வளர்வதில்தான் தடை. இரை போதாமையும் பெரிய மீன்கள் தின்றுவிடுவதும் அவற்றை இடையிலேயே அழித்துவிடுகின்றன. பொரிப்பகத்திலிருந்து இன்னும் சில கோடிக் குஞ்சுகளைக் கொட்டினால், இடையில் அழியும் கூட்டம்தான் பெரிதாகும். இந்த நிலையில் தப்பிப் பிழைத்து வளர்ந்த ஒவ்வொரு தாய்மீனும் விலைமதிப்பற்றது. தூண்டிலில் முதலில் சிக்கி, பலமுறை பிடிபட்டு விடப்படுவதும் அந்தப் பெரிய மீன்தான். குஞ்சு விடும் திட்டம் அரசியல்வாதிக்கு நல்ல விளம்பரம், தூண்டில்காரருக்கு நல்ல ஆறுதல். மீனுக்கு அதனால் பயன் இருக்கிறதா என்பதை ஏரிக்கு ஏரி சோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஏரிக்கரை மக்களின் பிழைப்பு பற்றிய கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. விடுதி நடத்துபவர், படகு வாடகைக்கு விடுபவர், இரை விற்பவர், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோருக்கும் சில மாதப் பருவம்தான் ஆண்டு முழுவதற்குமான வருமானம். அதன் நடுவில் ஏரியை மூடுவது அவர்கள் வயிற்றில் அடிப்பது. தூண்டில்காரர்களும் வெறுமனே எடுத்துப்போகிறவர்கள் அல்லர். 1950இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, அவர்கள் வாங்கும் தூண்டில் சாமான்கள் மீதான வரி நேராக மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது. அவர்கள் செலுத்தும் பணம் இல்லாவிட்டால் ஆய்வும் கணக்கெடுப்பும் இல்லை. ஆனால் ரெட் லேக் தடைக்காலத்தில் மேலேரிக் கரை விடுதிகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதைப் பார்க்க வேண்டும். வால்ஐ இல்லாத இடைவெளியில் கிராப்பி என்ற இன்னொரு நாட்டு மீன் பெருகியது. அதைப் பிடிக்கக் கூட்டம் வந்தது. எல்லா ஏரிக்கும் அப்படி ஓர் அதிர்ஷ்டம் வாய்க்காது. அதனால்தான் மூடும் முடிவோடு கூடவே கரையோரத் தொழில்களுக்கான இழப்பீட்டையும் அரசு அறிவிக்க வேண்டும் என்கிறேன். இழப்பீட்டுக்குப் பயந்து மூடுவதைத் தள்ளிப்போட்டால், பிற்பாடு மூடுவதற்கு ஏரியில் மீனும் இருக்காது, காப்பாற்ற விடுதியும் இருக்காது. 2016இல் பங்கு தீர்ந்த பிறகும் மில் லாக்ஸை உடனே மூடாமல் விட்டது இந்தத் தயக்கத்தின் விளைவு. வரம்பைத் தாண்டலாம் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த முறை அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கடைசியாக, செத்த மீன்களை எண்ணாமல் மதிப்பிட்டுச் சொல்வதால் இந்தக் கணக்கையே நம்ப முடியாது என்பார்கள். மதிப்பீடு என்பது உண்மை. ஏரியடியில் கிடக்கும் மீனை ஒவ்வொன்றாக எண்ண யாராலும் ஆகாது. ஆனால் அது அந்தரத்தில் தொங்கும் எண்ணும் அல்ல. படகுகளை எண்ணுகிறார்கள், கரை திரும்பியவர்களிடம் எத்தனை பிடித்து விட்டார்கள் என்று விசாரிக்கிறார்கள், நீரின் வெப்பத்தை அளக்கிறார்கள், ஆய்வில் கண்ட இறப்பு விகிதத்தோடு பெருக்குகிறார்கள். இதில் பிழை இருக்கலாம். ஆனால் இறப்பே இல்லை என்று பூஜ்யம் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. நம்பிக்கை வளர வேண்டுமென்றால் தூண்டில்காரர்களையே கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். விட்ட மீனின் நீளம், பிடித்த ஆழம், முள் எங்கே குத்தியிருந்தது என்பதை அவர்களே பதிவுசெய்தால், கணக்கும் துல்லியமாகும், கட்டுப்பாடும் அவர்களுடையதாகும்.

மில் லாக்ஸ் இப்போது மெல்லத் தேறிவருகிறது. வீட்டுக்கு மீன் எடுத்துப்போகும் அனுமதியும் திரும்பியிருக்கிறது. அந்தத் தேறுதல் நிலைக்க வேண்டுமானால், செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மீன்வளம் நலிந்த ஏரி ஒவ்வொன்றிலும் விட்டபின் சாகும் மீனை ஒதுக்கீட்டில் கழிக்க வேண்டும். தண்ணீர் சூடேறும் கோடை உச்ச வாரங்களில் பிடித்து விடுவதற்கும் ஓய்வு தர வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு இத்தனை மீனைத்தான் பிடித்து விடலாம் என்று மேல்வரம்பு வைக்க வேண்டும். பூர்வகுடி அரசுகளும் மாநிலமும் ரெட் லேக்கில் அமர்வது போல ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும். தூண்டில் பிடிக்கிறவருக்கு அந்த மீன்மேல் இருக்கும் அன்பை நான் ஐயப்படவில்லை. அந்த அன்பு மெய்யானதென்றால், கையில் மீனே இல்லாமல் கரை திரும்பும் நாளிலும் ஏரிக்குத் தான் எவ்வளவு செலவு வைத்தோம் என்று கேட்கும் துணிவு அவருக்கு வர வேண்டும். வரம்பு தீர்ந்துவிட்டது என்ற பதில் வந்தால், பருவம் பாதியிலிருந்தாலும் படகைக் கரையேற்ற வேண்டும்.