இரு மருத்துவர்களுக்கு நடுவே ஒரு நோயாளி

பார்க்கின்சன் நோய் நுழைந்த வீட்டில் பொழுது மாத்திரை நேரத்தை வைத்தே நகர்கிறது. காலை 7 மணி மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால்தான் சட்டைப் பொத்தானைப் போட விரல் இசையும். நண்பகலுக்குள் அதன் வேகம் இறங்கிவிடும். கூடத்தில் நன்றாக நடந்து வந்தவர் அறை வாசலில் கால் பெயராமல் நின்றுவிடுவார். தரையில் பட்டையாக ஒரு கோடு ஒட்டி, “இதைத் தாண்டுங்கப்பா” என்று சொன்னால் கால் எழும்பும். இப்படிச் சின்னச் சின்ன வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இந்த நோயோடு வாழ்கின்றன.

இதை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை எந்த மருத்துவத்திலும் இல்லை. உலகம் முழுவதும் 2019-இல் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நம் நாட்டில் அவர்களில் பலர் ஆயுர்வேதத்தையும் நாடுகிறார்கள். ஆயுர்வேத சிகிச்சை தேடிக் கோட்டக்கல்லுக்கும் கோயம்புத்தூருக்கும் நம்பிக்கையோடு பயணிக்கும் குடும்பங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், ஆயுர்வேத வைத்தியரிடம் போனதை நரம்பியல் மருத்துவரிடம் மறைக்கிறோம்; “திட்டுவாரோ” என்ற பயம். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்ற விவரம் வைத்தியரிடமும் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. இந்த மௌனம்தான் ஆபத்து. இதை உடைக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு.

ஆயுர்வேதம் இந்நோயைக் கம்பவாதம் என்று வாத நோய்களில் சேர்க்கிறது. தைலப் பூச்சு, கிழி ஒத்தடம், வஸ்தி (எனிமா), நஸ்யம் (மூக்கில் மருந்து விடுதல்) ஆகியவற்றோடு அது பயன்படுத்தும் முக்கிய மூலிகை பூனைக்காலி. அதன் காயிலுள்ள சுனை மேலே பட்டால் அரிப்பு தாங்காது. உள்ளிருக்கும் விதையைப் பாலில் வேகவைத்து, தோலுரித்து, உலர்த்திப் பொடிக்கிறார்கள். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் இந்த விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960-இல் காட்டினார். 1967-இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா அடங்கிய மருந்தை உயர்ந்த அளவில் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். நரம்பியல் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையிலும் வைத்தியர் தரும் பூனைக்காலிச் சூரணத்திலும் முக்கிய மருந்துப் பொருள் ஒன்றேதான்.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால், மாத்திரையோடு சூரணத்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்து இரு மடங்காக உள்ளே போகக்கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை. கை கால் தானாக முறுக்கி ஆடுவது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குவது, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அதனால் வரலாம். சூரணம் பற்றித் தெரியாத மருத்துவர் ‘நோய் முற்றுகிறது’ என்று கருதி வேறு மருந்து எழுதுவார். பாலில் காய்ச்சிய கஷாயத்தை மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால், பாலின் புரதம் மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். இரும்புச்சத்து மருந்துகளும் அப்படியே. சில நேரங்களில் நேரத்தை மாற்றி வைத்தாலே சிக்கல் தீர்ந்துவிடும். அதற்கு இரு தரப்புக்கும் விவரம் தெரிய வேண்டும்.

ஆய்வுகள் சொல்வதையும் முழுதாகக் கேட்போம். லண்டனில் 8 நோயாளிகளிடம் நடந்து 2004-இல் வெளியான சோதனையில், 30 கிராம் பூனைக்காலிப் பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாகவும் கூடுதல் நேரமும் வேலை செய்தது. பின்னர் 14 பேரிடம் 16 வாரங்கள் நடந்த சோதனையில், வயிற்றுத் தொல்லையாலும் உடல் இயக்கம் மோசமானதாலும் பாதிப் பேர் பொடியைப் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா சேர்ந்திருக்கிறது. மருந்து மூளையை எட்டும் முன்பே வழியில் சிதைந்துவிடாமல் அது காக்கிறது, குமட்டலையும் குறைக்கிறது. பொடியில் அந்தத் துணை இல்லை. விதைக்கு விதை மருந்தின் அளவும் மாறுகிறது. நம்பிக்கைக்கும் எச்சரிக்கைக்கும் இங்கே சம இடம் உண்டு.

எல்லாவற்றிலும் கொடியது, “ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்ற ஒரு வரி. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதேபோல, வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வரலாம். பொறுப்புள்ள எந்த வைத்தியரும் அப்படிச் சொல்லமாட்டார். சொல்பவரை நம்பக் கூடாது.

ஆயுர்வேதத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. இறுகிய தசைக்குத் தைலமும் ஒத்தடமும் தரும் இதம், மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் உணவுக்கும் காட்டும் அக்கறை, நோயாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் வழக்கம் ஆகியவை நாள்பட்ட நோயில் சாதாரண விஷயங்கள் அல்ல. வாதத்தின் இருப்பிடம் பெருங்குடல் என்கிறது ஆயுர்வேதம். நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பலருக்கு மலச்சிக்கல் வருவதை நவீன மருத்துவமும் பதிவு செய்திருக்கிறது. இரு துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய வேண்டிய இடம் இது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் ஒருங்கிணைந்த மருத்துவத்துக்கென்றே ஒரு துறை இயங்குவது நல்ல தொடக்கம்.

மருந்தின் தூய்மையிலும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் ஆய்வு வெளியானது. உலோகங்களை முறைப்படி சுத்தி செய்து புடமிட்ட பஸ்பம் தீங்கற்றது என்பது வைத்தியர்களின் வாதம். அப்படியானால் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து முடிவை வெளியிடுவதில் தயக்கம் வேண்டாம். ஈயம் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. நரம்பு நோயாளியின் மருந்தில் அது துளியும் இருக்கக் கூடாது.

பொய் விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. வலிப்பு, பக்கவாதம், மூளை நோய்கள் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் தொலைக்காட்சியிலும் செல்பேசியிலும் ‘முழு நிவாரணம்’ தினமும் விற்பனையாகிறது. அரசு வழக்குத் தொடர வேண்டும். ஊடகங்கள் அந்த விளம்பரக் காசை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த விளம்பரங்களைப் பார்ப்பவர்கள் அவற்றை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருக்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவர்கள், “வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?” என்று கோபமில்லாமல் கேட்கட்டும். வைத்தியர்கள் தாங்கள் கொடுக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் தெளிவாக எழுதட்டும். ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யத் தேசிய அளவில் கண்காணிப்புத் திட்டம் 2018 முதல் இருக்கிறது. இரு தரப்பும் அதைப் பயன்படுத்தட்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே போகிறது. அதன் பணியாளர்கள் எல்லா மருந்துகளையும் ஒரே அட்டையில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சித்த மருந்துக்கும் இவை அத்தனையும் பொருந்தும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரை, சூரணம், கஷாயம், தைலம் அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். எதையும் மறைக்காதீர்கள், எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.